வாயைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கம்மா

இழை கொஞ்சம் நீளம். வீட்ல வெத்தலை போடுற அம்மா, அத்தை, அப்பாயி, அம்மாச்சி யாராவது இருந்தா பொறுமையா முழுசா படிச்சிடுங்க. மருத்துவமனையில வேலை பார்க்குற நண்பர்களுக்கு இதுல ஒரு வேண்டுகோளும் இருக்கு.

வாய்ப் புற்றுநோய்னு சொன்னதும் நம்ம மனசுல வர்றது ஒரு ஆம்பளை முகம். பீடி பிடிக்கிறவர், பொட்டலம் போடுறவர். தியேட்டர்ல படத்துக்கு முன்னாடி காட்டுற எச்சரிக்கை விளம்பரங்களும் நம்மள அப்படித்தான் பழக்கி வச்சிருக்கு. பெண்ணுக்குப் புற்றுநோய்னா மார்பகம், இல்லன்னா கர்ப்பப்பை வாய். அதோட நம்ம பட்டியல் முடிஞ்சுது.

கணக்கு வேற சொல்லுது. 2016-17ல மத்திய அரசு நடத்தின வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்புப்படி, இந்தியாவில புகைபிடிக்கிற பெண்கள் 2 சதவீதம். மெல்றது, கன்னத்துல அடக்கி வைக்கிறது, பொடியைப் பல்லுல தேய்க்கிறதுன்னு புகையில்லாத வகையில புகையிலை எடுத்துக்கிற பெண்கள் 12.8 சதவீதம். அதாவது ஏறக்குறைய எட்டுப் பெண்கள்ல ஒருத்தர். நம்ம ஊர்ப் பெண்களுக்குப் புகையிலைன்னா அது புகைக்கிற சமாச்சாரமே இல்ல. வாய்க்குள்ளேயே கிடக்குற சமாச்சாரம்.

இதுல புகையிலை சேர்க்காம வெறும் வெத்தலை பாக்கு மட்டும் போடுறவங்க கணக்குல வரல. "நான் போயிலை போட மாட்டேன் சார், வெறும் பாக்குதான்"னு சொல்றவங்களை ஓ.பி.யில தினமும் பார்க்குறேன். அவங்க சொல்ற தொனியே, அதுல தப்பு ஒண்ணும் இல்லைங்கிற நிம்மதியோட இருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேர்த்த வெத்தலையைப் புற்றுநோய்க் காரணின்னு 1985லயே சொல்லிடுச்சு. 2004ல வந்த அறிக்கையில இன்னொரு படி மேல போய், புகையிலை இல்லாத வெத்தலைப் பாக்கையும், தனிப் பாக்கையும் முதல் பிரிவுல சேர்த்தாங்க. முதல் பிரிவுன்னா மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு சந்தேகமில்லாம நிரூபணமானது. சிகரெட் இருக்குற அதே பிரிவு. கல்யாண வீட்டுல குழந்தைங்க கையில கொடுக்குற இனிப்புப் பாக்கும், ஹோட்டல் கல்லாப்பெட்டி பக்கத்துல தொங்குற வாசனைப் பாக்குச் சரமும் பாக்குதான். அதுக்குத் தனி சலுகை கிடையாது.

(வெத்தலை மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல. தாம்பூலத் தட்டை எடுத்துடுங்கன்னும் நான் சொல்லல. தட்டுல இருக்குற வரைக்கும் அது மரியாதை. தினமும் ஆறு தடவை, எட்டு தடவை கன்னத்துல போய் உட்காரும்போதுதான் எனக்கு வேலை வருது.)

பாக்கு என்ன செய்யும்? அதுல இருக்குற அரிகோலின் கன்னத்தோட உட்பக்கச் சதைக்கு அடியில நார்த்திசுவைச் சேர்த்துக்கிட்டே போகும். ரப்பர் மாதிரி இருந்த கன்னம் பலகை மாதிரி ஆகும். முதல் அறிகுறி வலி இல்ல, எரிச்சல். நேத்து வரைக்கும் மிளகாய்ச் சட்னி சாப்பிட்டவங்களுக்கு இன்னைக்கு ரசம் சாதம் எரியும். அப்புறம் வாய் திறக்குறது கொஞ்சம் கொஞ்சமா குறையும். உருண்டையைச் சின்னதாக்கிச் சாப்பிடுவாங்க. கொட்டாவி விட முடியாது. இது மெதுவா நடக்குறதால அவங்களுக்கே தெரியாது.

இந்த நோயை மருத்துவ உலகத்துக்கு முதன்முதல்ல எழுதிக் காட்டினது 1952ல, ஷ்வார்ட்ஸ் என்கிற மருத்துவர். அவர் பார்த்தது யாரைன்னு நினைக்கிறீங்க? கென்யாவில வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களை. ஐந்து பேருமே பெண்கள். நோய் மருத்துவப் புத்தகத்துல ஏறினதே நம்ம பெண்கள் வாய் வழியாத்தான். எழுபது வருஷம் கழிச்சும் நம்ம மருத்துவமனைகள்ல பெண்ணோட வாயைத் திறந்து பார்க்குறது யாரோட வேலைன்னு முடிவாகல.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

ஒரு நோயாளி வார்டுல சேர்ந்தா கேஸ் ஷீட் எழுதணும். அதுல 'பழக்கவழக்கங்கள்'னு ஒரு இடம் உண்டு. ஆண் நோயாளின்னா, "தண்ணி அடிப்பீங்களா? பீடி, சிகரெட்? பாக்கெட் ஏதாச்சும்?"னு வரிசையா கேட்போம். பெண் நோயாளின்னா, பெரும்பாலும் ஒரே கேள்வி. "கெட்ட பழக்கம் ஏதாச்சும் இருக்காம்மா?"

பக்கத்துல புருஷன் நிக்கிறார், மாமியார் நிக்கிறாங்க, கல்யாணமான மகன் நிக்கிறான். எந்தப் பெண் "ஆமா, இருக்கு"ன்னு சொல்வாங்க?

அதைவிடப் பெரிய விஷயம், அந்த அம்மா பொய்யே சொல்லல. வெத்தலை போடுறது அவங்க கணக்குல கெட்ட பழக்கமே கிடையாது. அவங்க அம்மா போட்டாங்க, ஆத்தா போட்டாங்க. சாமிக்கு வைக்கிறோம், விசேஷத்துக்கு வச்சு அழைக்கிறோம். அதைப் போய் கெட்ட பழக்கம்னு யாராச்சும் சொல்வாங்களா? அதனால "இல்ல சார்"னு சொல்வாங்க. நாமளும் 'இல்லை'ன்னு எழுதி அடுத்த வரிக்குப் போயிடுவோம்.

அதே அம்மாகிட்ட, "வெத்தலை பாக்கு போடுவீங்களாம்மா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? கூட போயிலை வைப்பீங்களா? ராத்திரி வாயில அடக்கிக்கிட்டே படுப்பீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க. சுருக்குப்பையையே எடுத்துக் காட்டுவாங்க. எந்தக் கடை பாக்கு, எந்தப் போயிலை, கொட்டைப்பாக்கா சீவலா, எல்லாம் சொல்வாங்க. கேள்வி மாறினா பதில் மாறும்.

எப்ப ஆரம்பிச்சாங்கன்னு கேட்டா இன்னும் நிறைய தெரியவரும். நான் கேட்ட பெண்கள்ல பலர் சொன்னது பல்வலி. சொத்தைப் பல் குடைஞ்சிருக்கு, பல் டாக்டர்கிட்ட போகக் காசும் இல்ல நேரமும் இல்ல, பக்கத்து வீட்டு அக்கா ஒரு துண்டு போயிலையைக் கொடுத்து அந்தப் பல்லு இடுக்குல வைக்கச் சொல்லியிருக்காங்க. வலி மரத்துப்போச்சு. போயிலை நின்னுடுச்சு. இன்னும் சிலருக்கு மசக்கைக் குமட்டல். நடவுக்கும் களையெடுப்புக்கும் போறவங்களுக்குப் பசி. காலையில நீராகாரம் குடிச்சுட்டு இறங்கினா மதியம் வரைக்கும் வயிறு கேட்காம இருக்க ஒரு வாய் வெத்தலை. இதையெல்லாம் 'கெட்ட பழக்கம்'னு ஒரே சொல்லுல அடைக்கிறது அவங்களுக்கு நியாயமும் இல்ல, நமக்குப் பிரயோஜனமும் இல்ல.

வாயைப் பார்க்குற விஷயத்துக்கு வருவோம். நாங்க பெண் நோயாளிங்க வாயைப் பார்க்கறதே இல்லைன்னு சொல்ல மாட்டேன். "நாக்கை நீட்டுங்கம்மா"ன்னு எல்லாரும் சொல்றோம். நாக்கு வெளுத்திருக்கா, ரத்தசோகை இருக்கான்னு பார்க்க. இந்தியாவில 15 முதல் 49 வயசுக்குட்பட்ட பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்லுது, அதனால அது தேவைதான். ஆனா நாக்கை நீட்டச் சொல்லிட்டு, வெளுப்பைப் பார்த்துட்டு, இரும்புச் சத்து மாத்திரை எழுதிட்டு வாயை மூடச் சொல்லிடுறோம். அந்த நாக்குக்கு ரெண்டு விரல்கடை தள்ளி, கன்னத்தோட உட்பக்கத்துல, பத்து வருஷமா வெத்தலை உட்கார்ந்த இடத்துல ஒரு வெள்ளைப் படலம் இருக்கலாம். டார்ச் அங்க திரும்புறதில்ல.

(நீண்டகால இரும்புச்சத்துக் குறைவே வாய், தொண்டையோட உட்தோலை மெலிய வைக்கும். அதோட விழுங்குறதும் கஷ்டமாகுற ஒரு நிலை பெண்களுக்குத்தான் அதிகம் வரும். அவங்களுக்கு மேல்தொண்டைப் புற்றுநோய் வாய்ப்பும் கூடுதல். ஆக, நாக்கு வெளுத்திருக்குற பெண்ணோட வாயைத்தான் இன்னும் நல்லா பார்க்கணும்.)

மருத்துவமனையில ஒரு பெண்ணோட வாயை உண்மையிலேயே அக்கறையா பார்க்குறவர் யார் தெரியுமா? மயக்க மருந்து டாக்டர். சிசேரியனுக்கோ கர்ப்பப்பை ஆபரேஷனுக்கோ முன்னாடி, "வாயை நல்லா திறங்க, இன்னும் திறங்க"ன்னு சொல்லி, மூணு விரல் உள்ள போகுதான்னு பார்ப்பார். அவசரம்னா மூச்சுக்குழாய் போட வழி இருக்கான்னு அவருக்குத் தெரியணும். அப்பத்தான் பல பெண்களுக்கு வாய் ஒண்ணரை விரல் அளவுக்குக் கூட திறக்கலைன்னு முதன்முதலா தெரியவரும். வயித்துல இருக்குற பிள்ளைக்காக வந்த இடத்துல, வேற ஒரு காரணத்துக்காகப் பார்க்கப்போய், தற்செயலா. அதுவும் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா, 'வாய் திறப்பு குறைவு' என்கிற குறிப்பு மயக்க மருந்துத் தாளோட தங்கிடும். டிஸ்சார்ஜ் சீட்டுல வராது.

இன்னொரு கூட்டம் இருக்கு. கேஸ் ஷீட்டே இல்லாதவங்க. மகளுக்குப் பிரசவம்னு கூட வந்து தங்குற அம்மா. பேரனுக்கு வாந்தி பேதின்னு குழந்தைகள் வார்டுல கட்டிலுக்கு அடியில பாய் விரிச்சுப் படுத்திருக்குற அப்பாயி. புருஷனுக்கு டயாலிசிஸ்னு வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து வராந்தாவுல உட்கார்ந்திருக்குற மனைவி. தங்களுக்காக ஆஸ்பத்திரிக்கு வரவே வராத பெண்கள், அடுத்தவங்களுக்காக நாள்கணக்கா ஆஸ்பத்திரியிலேயே கிடக்குறாங்க.

சில வருஷங்களுக்கு முன்னாடி நான் பார்த்த ஒரு அம்மாவைச் சொல்றேன். வயசு ஐம்பதைத் தாண்டியிருக்கும். மகளோட தலைப்பிரசவத்துக்குக் கூட இருந்தாங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு, மகளோட மாத்திரையை எல்லாம் விளக்கி முடிச்சப்புறம், மெதுவா, "சார், எனக்கு வாய்ப்புண்ணுக்கு ஒரு பி காம்ப்ளக்ஸ் எழுதிக் கொடுங்களேன்"னாங்க. எத்தனை நாளான்னு கேட்டேன். "தை மாசத்துல இருந்து இருக்கு"ன்னாங்க. அப்ப ஆடி நடந்துக்கிட்டிருந்துச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தா, இடது கீழ்க் கன்னத்துல, அவங்க வெத்தலையை ஒதுக்குற அதே மூலையில, வெள்ளையும் சிவப்புமா கலந்த படலம், நடுவுல ஒரு சின்னப் புண். தொட்டா ஓரம் கெட்டியா இருந்துச்சு. சதைப் பரிசோதனையில புற்றுநோய். நல்லவேளையா கழுத்துல நெறி கட்டல, சின்ன கட்டி, ஆபரேஷனோட முடிஞ்சுது.

மகளோட கர்ப்பப் பரிசோதனைக்கு மாசாமாசம் கூடவே வந்தவங்க அவங்க. அந்த மாசங்கள்ல அவங்க ஒரு கேள்விக்கும் உட்படல. ஏன்னா அவங்க நோயாளி இல்ல, 'கூட வந்தவங்க'.

என்னோட வாதம் இதுதான். பெண்களுக்கான வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை முகாம்லயும் வீட்டு வாசல்லயும் மட்டும் தேடாம, ஆஸ்பத்திரிக்குள்ள ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்குற பெண்கள்கிட்ட ஆரம்பிக்கணும். நோயாளியா வந்தாலும் சரி, துணைக்கு வந்தாலும் சரி.

காகிதத்துல திட்டம் இல்லாம இல்ல. 30 வயசுக்கு மேல எல்லாருக்கும் வாய், பெண்களுக்கு மார்பகம், கர்ப்பப்பை வாய், இந்த மூணையும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கணும்னு மத்திய சுகாதார அமைச்சகம் 2016லயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. ஆனா அதே 2019-21 குடும்பநல ஆய்வுல, 30 முதல் 49 வயசுப் பெண்கள்ல வாய்ப் புற்றுநோய்க்காக எப்பவாவது ஒரு தடவையாவது வாயைக் காட்டினவங்க 0.9 சதவீதம். நூத்துக்கு ஒருத்தர் கூட இல்ல. தமிழ்நாட்டுல 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் நடக்குது, பிரஷர் சுகர் விஷயத்துல அது நல்ல காரியம் செஞ்சிருக்கு. ஆனா வீடு தேடி வர்ற நேரத்துல, நான் சொல்ற பெண்கள் பாதிப்பேர் நடவுலயோ நூறு நாள் வேலையிலயோ இருப்பாங்க.

வாயைப் பார்க்குறதால உண்மையிலேயே உயிர் பிழைக்கிறாங்களா? இதுக்கு உலகத்துக்கே பதில் சொன்னது நம்ம பக்கத்து மாநிலம். திருவனந்தபுரம் மாவட்டத்துல 1996ல ஆரம்பிச்சு, 13 பஞ்சாயத்துகள்ல, 35 வயசுக்கு மேற்பட்ட சுமார் 1.9 லட்சம் பேரை வச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. சில பஞ்சாயத்துகள்ல மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வாயைப் பார்த்தாங்க, மத்ததுல வழக்கமான சிகிச்சை மட்டும். பார்த்தவங்க டாக்டர்கள் கூட இல்ல, பயிற்சி கொடுக்கப்பட்ட பட்டதாரிகள். ஸ்கேன் இல்ல, ரத்தப் பரிசோதனை இல்ல. வெளிச்சமும் கண்ணும்தான். 2005ல லான்செட் இதழ்ல முடிவு வந்துச்சு. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவங்க மத்தியில வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைஞ்சிருந்தது. 15 வருஷக் கணக்குலயும் அந்தப் பிரிவுக்கு 24 சதவீதம் குறைவு நின்னுச்சு.

இதுல ரெண்டு விஷயத்தை மறைக்காம சொல்லணும். ஒண்ணு, பழக்கமே இல்லாதவங்களையும் சேர்த்து மொத்தமா பார்த்தா, பலன் உறுதின்னு சொல்ற அளவுக்கு வரல. ரெண்டு, 2005 முடிவுல ஆண்கள்கிட்ட பலன் தெளிவா இருந்துச்சு. பழக்கமுள்ள பெண்கள்கிட்டயும் இறப்பு குறைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும், எண்ணிக்கை சின்னது, புள்ளியியல்படி அடிச்சுச் சொல்ல முடியல. அமெரிக்காவுல அறிகுறி இல்லாத எல்லாருக்கும் இதைச் செய்யலாமான்னு கேட்டப்போ, 2013ல அவங்களோட நிபுணர் குழு போதுமான ஆதாரம் இல்லைன்னு சொல்லிடுச்சு. இதை எடுத்துக்காட்டி என்கிட்ட வாதம் பண்ணின சக மருத்துவர்களும் உண்டு.

என் பதில்: அவங்க ஊர்ல வீட்டுக்கு வீடு வெத்தலைப்பெட்டி கிடையாது. நானும் எல்லார் வாயையும் பாருங்கன்னு சொல்லல. எல்லார்கிட்டயும் கேளுங்க. போடுறவங்க வாயைப் பாருங்க. பலன் கிடைச்சதே பழக்கம் உள்ளவங்ககிட்டதான், அந்தப் பழக்கம் யாருக்கு இருக்குன்னு கண்டுபிடிக்கிற கேள்வியையே பெண்கள்கிட்ட நாம தப்பா கேட்டுக்கிட்டிருக்கோம்.

ஏன் ஆஸ்பத்திரிக்குள்ளயே பார்க்கணும்னு அழுத்திச் சொல்றேன்னா, அதுக்கு இலங்கை அனுபவம் ஒரு காரணம். 1980களோட ஆரம்பத்துல அங்க ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஊருக்குள்ள போய் வாயைப் பார்க்க வச்சாங்க. ஒரே வருஷத்துல 28 ஆயிரம் பேருக்கு மேல பார்த்தாங்க. அவங்க கண்டுபிடிச்சது பெரும்பாலும் சரியாவே இருந்துச்சு. சறுக்கின இடம் வேற. 'சந்தேகமா இருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க'ன்னு அனுப்பினவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர்தான் போனாங்க.

நம்ம ஊர்ல ஒரு பெண்ணை 'நாளைக்குப் போங்க'ன்னு அனுப்பினா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். அறுப்பு முடியட்டும். பொண்ணு கல்யாணம் முடியட்டும். பிள்ளைக்குப் பரிட்சை முடியட்டும். கூட வர ஆள் கிடைக்கட்டும். வலி இல்லையே, இருக்கட்டும். ஆஸ்பத்திரி வார்டுல இருக்குற பெண்ணை அனுப்ப வேண்டிய தூரம் ஒரு வராந்தா. பெரும்பாலான அரசு தலைமை மருத்துவமனைகள்ல பல் மருத்துவப் பிரிவு இருக்கு. கூட்டிட்டுப் போய் அன்னைக்கே காட்டிடலாம், தேவைன்னா அன்னைக்கே சதை எடுத்துடலாம். பஸ் செலவு இல்ல, கூலி இழப்பு இல்ல, வீட்டுல சொல்லிட்டு வர வேண்டிய அவசியமும் இல்ல.

"ஓ.பி.யில நிக்க இடமில்ல, இதுல இது வேறயா?"ன்னு கேட்கப்போறீங்க. நியாயமான கேள்வி. ஆனா டாக்டர்தான் பார்க்கணும்னு இல்ல. திருவனந்தபுரத்துல பட்டதாரிகள் பார்த்தாங்க, இலங்கையில சுகாதாரப் பணியாளர்கள் பார்த்தாங்க. நம்ம செவிலியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தா அவங்க நம்மளவிட நல்லாவே பார்ப்பாங்க. பெண்கள் அவங்ககிட்ட கூச்சமில்லாம வாயைத் திறப்பாங்க, உண்மையையும் சொல்வாங்க. பல் மருத்துவக் கல்லூரி இருக்குற ஊர்ல, பயிற்சி மருத்துவர் ஒருத்தர் வாரத்துக்கு ஒரு நாள் டார்ச்சோடவும் மரக்குச்சியோடவும் பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு, டயாலிசிஸ் வராந்தா, இந்த மூணையும் சுத்தி வந்தா போதும். ஒரு வாயைப் பார்க்க ரெண்டு நிமிஷம். கேஸ் ஷீட்டுல 'பழக்கவழக்கங்கள்'ங்கிற வரியைப் பெண்களுக்கு 'வெத்தலை / பாக்கு / போயிலை / பொடி: எத்தனை வருஷம், எந்தப் பக்கம்'னு மாத்தி அச்சடிக்க ஆகுற செலவு என்னன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

எந்தப் பக்கம்னு கேட்குறது முக்கியம். வெத்தலையை ஒரே பக்கம் ஒதுக்குறவங்கதான் அதிகம். நோயும் பெரும்பாலும் அங்கேயேதான் உட்காரும். ஆந்திரக் கடலோரத்துல, ஸ்ரீகாகுளம் பக்கம், எரியுற முனையை வாய்க்குள்ள வச்சு சுருட்டு பிடிக்கிற பழக்கம் பெண்கள்கிட்ட உண்டு. அவங்களுக்கு மேலண்ணத்துல வரும். பழக்கம் எந்த இடத்தைத் தொடுதோ, நோய் அந்த இடத்துல.

இனி வீட்ல இருக்குறவங்களுக்கு. நீங்களே பார்க்கலாம். வாயை நல்லா கொப்பளிச்சுட்டு, பல்செட் இருந்தா கழட்டிட்டு, வெளிச்சமான இடத்துல கண்ணாடி முன்னாடி நில்லுங்க. போன் டார்ச் போதும். உதட்டைப் புரட்டிப் பாருங்க. கன்னத்தை விரலால இழுத்து ரெண்டு பக்கமும் உள்ள பாருங்க, பின்பல் வரைக்கும். ஈறு, நாக்கோட ரெண்டு ஓரம், நாக்கைத் தூக்கினா அடியில இருக்குற குழி, மேலண்ணம். அப்புறம் விரலால தடவிப் பாருங்க. வெள்ளையா படலம் இருந்து துடைச்சா போகலைன்னா கவனிக்கணும். வெல்வெட் துணி மாதிரி சிவப்பா ஒரு இடம் இருந்தா, அதை வெள்ளையைவிட அவசரமா காட்டணும். ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண், காரணமில்லாம ஆடுற பல், திடீர்னு பொருந்தாமப் போன பல்செட், கழுத்துல கெட்டியா ஒரு நெறி, இதுல எது இருந்தாலும் போய்க் காட்டிடுங்க. உங்க மூணு விரலை நிமிர்த்தி, ஒண்ணு மேல ஒண்ணா வாய்க்குள்ள வைக்க முடியலைன்னா, அதுவும் காட்ட வேண்டிய விஷயம்தான்.

ஒண்ணு நினைவு வச்சுக்கோங்க. ஆரம்பத்துல இது வலிக்காது. வலிக்கிற புண்ணு பெரும்பாலும் சாதாரணப் புண்ணா இருக்கும், பத்து நாள்ல ஆறிடும். வலிக்காம உட்கார்ந்திருக்குற புண்ணைத்தான் நாங்க பயந்து பார்ப்போம்.

வைட்டமின் மாத்திரை வாங்கிப் போட்டு ரெண்டு வாரம் பார்க்குறதுல தப்பில்ல. ரெண்டு வாரம்தான். ஆறு மாசமில்ல.

அப்புறம் இந்த 'கத்தி பட்டா பரவும்' கதை. சதைப் பரிசோதனைன்னு சொன்ன உடனே வீட்டுக்கு ஓடுறவங்க நிறைய. அரிசி அளவு சதையை மரத்துப்போற ஊசி போட்டு எடுக்குறோம், அவ்வளவுதான். அதனால புற்று பரவுறதில்ல. 'பயாப்ஸி எடுத்தாங்க, மூணு மாசத்துல போயிட்டாங்க'ன்னு சொல்ற கதைகள்ல பெரும்பாலானவங்க, முத்தின பிறகுதான் பயாப்ஸிக்கே வந்திருப்பாங்க. ஆரம்ப நிலையில வந்தா பத்துல ஏழு எட்டுப் பேர் அஞ்சு வருஷம் தாண்டி நல்லா இருக்காங்க. கழுத்து நெறியோட, தாடை எலும்பை அரிச்சப்புறம் வந்தா அது பாதிக்கும் கீழ போயிடுது. அரசு மருத்துவமனைகள்ல சிகிச்சைக்குக் காசு இல்ல, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயும் புற்றுநோய் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு வருது. பணத்தை நினைச்சுத் தள்ளிப் போடாதீங்க.

முகத்துல ஆபரேஷன் என்கிறது பெண்களுக்கு இன்னொரு பயம். அதை லேசா எடுத்துக்க மாட்டேன். ஒரு பக்கத் தாடையை எடுத்தப்புறம் ஊர் விசேஷத்துக்குப் போறதையே நிறுத்திட்ட பெண்களைத் தெரியும். முந்தானையால வாயை மூடிக்கிட்டே பேசுவாங்க. சீக்கிரம் வந்தா எடுக்க வேண்டியது கொஞ்சம். படலமா இருக்கும்போதே வந்தா பல நேரம் ஆபரேஷனே வேண்டியிருக்காது, பழக்கத்தை நிறுத்திட்டு மூணு மாசம், ஆறு மாசம்னு காட்டிக்கிட்டு வந்தா போதும்.

"முப்பது வருஷமா போட்டாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?" இது பின்னூட்டத்துல கண்டிப்பா வரும், அதனால முன்கூட்டியே சொல்லிடுறேன். எர்ணாகுளம் உள்பட மூணு மாவட்டங்கள்ல 36 ஆயிரம் புகையிலைப் பழக்கக்காரங்களைத் தொடர்ந்து பார்த்த இந்திய ஆய்வு ஒண்ணு 1986ல லான்செட்ல வந்துச்சு. நேர்ல உட்கார்ந்து பேசி, பழக்கத்தை விட உதவி பண்ணினாங்க. விட்டவங்களுக்கு, குறைச்சவங்களுக்கு, புதுசா வெள்ளைப் படலம் வர்றது குறைஞ்சது. வயசானவங்களும் அதுல இருந்தாங்க. பாக்கால விறைச்சுப்போன கன்னம் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பாது, ஆனா மேற்கொண்டு மோசமாகுறது மெதுவாகும். அவங்க விட்ட பிறகும் வருஷா வருஷம் வாயைக் காட்டிக்கிட்டே இருக்கணும்.

ஒரேயடியா விடச் சொல்லி வீட்ல சண்டை போடாதீங்க. நாற்பது வருஷத் துணை அது அவங்களுக்கு. முதல்ல ராத்திரி அடக்கிக்கிட்டுப் படுக்குறதை நிறுத்தச் சொல்லுங்க. அப்புறம் போயிலை. அப்புறம் பாக்கு. வெறும் வெத்தலையில ஏலக்காய், கிராம்பு வச்சுக் கொடுத்தா முதல்ல திட்டுவாங்க, அப்புறம் பழகிடும். எந்தப் பல்வலிக்காக ஆரம்பிச்சாங்களோ அந்தப் பல்லை முதல்ல பிடுங்கிவிடுங்க. பாதி வேலை அங்கேயே முடியும். உதவி வேணும்னா 1800-112-356, புகையிலையை விடுறதுக்கான தேசிய இலவச எண். 

அடுத்த தடவை பேரனுக்குத் தடுப்பூசி போடவோ, அப்பாவுக்குச் சுகர் மாத்திரை வாங்கவோ அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தா, அப்படியே பல் மருத்துவப் பிரிவுல ஒரு சீட்டு போட்டுடுங்க. "வெத்தலை போடுவாங்க, வாயைப் பார்த்துடுங்க"ன்னு நீங்களே சொல்லுங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க.